சிடியில் வந்த முழங்கால்

எங்கள் கிளினிக் மஞ்சக்குப்பத்தில். புதுச்சேரியில் எடுத்த எக்ஸ்ரேயைச் சிடியில் கொண்டுவந்தார் ஒரு பெரியவர். லேப்டாப்பில் சிடி போட இடமே கிடையாது. "வீட்டுல ஃபிலிம் இருக்கு தம்பி, பையனை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்றேன்" என்றார். வந்தது, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. ஓரத்தில் பையனின் கட்டைவிரல்!

எக்ஸ்ரேயை ஏற்றிப் பார்க்கும் எங்கள் சாஃப்ட்வேரோ டைகாம் கோப்பைத்தான், அதாவது மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள கோப்பு வகையைத்தான் கேட்கிறது. நோயாளி பெயர், எடுத்த தேதி, ஒரு பிக்சலுக்கு எத்தனை மில்லிமீட்டர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். போன் போட்டோவில் அதெல்லாம் ஏது? அதை வைத்து மூட்டு இடைவெளியை அளந்தால் ஜோசியம்தான்.

சரி, பார்வைக்காவது ஏற்றி வைப்போம் என்று நோயாளி எண், தேதி, வலதா இடதா என ஒவ்வொன்றாகத் தட்டினேன். கடைசியில் 'கோப்பு வகை பொருந்தவில்லை' என்கிறது. முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? பெரியவர் அதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டார்.