டிஜிட்டல் லெவல்னு ஒரு தலைவலி

பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகள்ல பைப் போடுற வேலை நமக்கு. முதலாளி ஆசையா, சரிவை நம்பர்ல காட்டுற டிஜிட்டல் லெவல் வாங்கிக் கொடுத்துட்டாரு. வெயில்ல நம்பரே தெரியல, கையால மறைச்சுக்கிட்டு எட்டிப் பாக்கணும். 100க்கு 1 சரிவுன்னா மீட்டருக்கு 10 மில்லிமீட்டர். இது 0.1 டிகிரிக்கு ரவுண்டாக்கி 0.6 டிகிரின்னு காட்டுது. அந்த 0.1 டிகிரிங்கிறது மீட்டருக்கு 1.7 மில்லிங்க! குமிழ் வெச்ச நல்ல ரசமட்டம் அரை மில்லிக்குள்ள சொல்லிடும். தலைக்கு மேல வேலை செய்யறப்ப, மட்டம் சரியானதும் இது போடுற பீப் சத்தம் உதவும்தான், மறுக்கல. ஆனா கிரைண்டர் ஓடுற இடத்துல அது யாருக்குக் கேக்குது? கீழ விழுந்தா திருப்பித் திருப்பி வெச்சு கேலிப்ரேட் வேற. "இன்னும் அந்தக் குமிழாண்ணே?"ன்னு புதுப்பையன் சிரிக்கிறான். சிரிடா தம்பி, நைட் ஷிஃப்ட்ல பேட்டரி தேடி ஓடப்போறது நீதான்.