அது செவ்வாய் இல்லை, கேட்டை

கல்லடிப் பாலத்தில் நின்று, வானத்தில் சிவப்பாகத் தெரியும் ஒன்றைக் காட்டிப் போட்ட அந்த வீடியோவை நாலு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "செவ்வாய் பத்தி எரியுது, மட்டக்களப்புக்கு என்னமோ நடக்கப்போகுது" என்ற குரல், உடுக்கைச் சத்தம் வேறு. அது செவ்வாய் இல்லை என்று கீழே ஒரு வரி எழுதினேன். "வந்துட்டார் விஞ்ஞானி" என்று சிரித்தார்கள். சரி, இங்கேயும் வந்து சிரியுங்கள்.

அது செவ்வாய் இல்லை. கேட்டை. ஆங்கிலக்காரர் சொல்லும் அன்டாரிஸ் என்ற கிரேக்கப் பெயருக்கே 'செவ்வாய்க்குப் போட்டி' என்றுதான் பொருள். கிரேக்கருக்கே குழம்பியிருக்கிறது, உங்களை எப்படிக் குறை சொல்ல? ஆனால் சொன்னால் கேட்கலாமே. கேட்டை மினுங்கும், செவ்வாய் அப்படி மினுங்காது. கல்லடியில் கடலைப் பார்த்து நின்று வலது கைப் பக்கம் அண்ணாந்து பாருங்கள். நட்சத்திரங்கள் சேர்ந்து தேள் மாதிரித் தெரியும், அதுதான் விருச்சிகம்; அந்தத் தேளின் நெஞ்சில் சிவப்பாக ஒன்று, கீழே வால் வளைந்து தொங்கும். செவ்வாய் ஊர் சுற்றி. இந்தத் தேள் ஒவ்வொரு ஆனி மாசமும் இரவில் அதே இடத்துக்கு வந்துவிடும். எங்கள் அப்பப்பாவிடம் மணிக்கூடு கிடையாது. வாவியில் வலையை விட்டுத் தோணியில் இருந்தபடி, அந்த வால் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்தே விடிய எவ்வளவு நேரம் என்பார்.

பத்தி எரிவதும் இல்லை. சூரியனைவிடச் சூடு குறைந்ததால்தான் அந்தச் சிவப்பு.

"சின்னப் பொடியன் போட்ட வீடியோ, விட்டுத்தள்ளு" என்பீர்கள். தள்ளலாம். "அப்ப சாத்திரம் பொய்யா?" என்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை.

போகவில்லை என்றுதான் இருந்தேன். என் அக்கா கேட்டை. கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் தமையனுக்கு ஆகாதாம். மூன்று சம்பந்தம் அப்படியே போனது. மூன்றாவது வீட்டாருக்கென்று அம்மா சுட்ட பயித்தம் பணியாரம் ஒரு கிழமை டின்னிலேயே கிடந்தது, வீட்டில் ஒருவரும் கைவைக்கவில்லை. அந்தத் தமையன் மறு வருஷம் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அக்கா எங்கே இருந்தாள்? எங்கள் விறாந்தையில், தையல் மெஷினுக்கு முன்னால்.

கேட்டையின் வெளிச்சம் இங்கே வந்துசேர ஏறக்குறைய 550 வருஷம். சூரியன் இருக்கும் இடத்தில் கேட்டையை வைத்தால் பூமியும் நீங்கள் பயப்படும் செவ்வாயும் அதன் வயிற்றுக்குள். அவ்வளவு பெரியது, அவ்வளவு தூரத்திலிருந்து, ஆரையம்பதியில் ஒரு தமையனைத் தேடிப்பிடிக்குமா? கேட்கிறேன், அவ்வளவுதான். உடனே மதத்தை இழுக்காதீர்கள், நானும் கோயிலுக்குப் போகிறவன்தான்.

நேற்று அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். "இது என்ட நட்சத்திரமெல்லோ, வடிவாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு நூல் கோர்க்கப் போனாள்.