எபர்ட்டின் கட்டைவிரலும் நம்ம ஊர் மைக்கும்

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வடபழனியில் ஒரு சின்னப் படத்துக்கு மதியக் காட்சி போயிருந்தேன். தெரிந்த முகம் யாரும் நடிக்காத படம். என்னையும் சேர்த்து அரங்கில் பதினோரு பேர். முடிந்து வெளியே வந்தால் வாசலில் மைக். "சார், படம் எப்படி? பத்து செகண்ட்ல சொல்லுங்க." எனக்கு அந்தப் படத்தில் வந்த ஒரு ஏடிஎம் காட்சி மனதை விட்டுப் போகவே இல்லை. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் மரியாதையாகக் கேட்டார். அப்புறம், "அதெல்லாம் வேணாம் சார், பாக்கலாமா வேணாமா, அது மட்டும் சொல்லிடுங்க" என்றார். "பாக்கலாம்" என்றேன். மைக் அடுத்தவரிடம் போய்விட்டது. திங்கட்கிழமை அந்தத் தியேட்டரில் அந்தப் படம் இல்லை.

தம்பி மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவர் வேலை அது. ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அமெரிக்க சினிமா விமர்சகர் ரோஜர் எபர்ட் நினைப்பாகவே இருந்தது.

எபர்ட்டை எனக்கு அறிமுகம் செய்தது சாலிகிராமத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டர். பர்மா பஜாரில் டிவிடி வாங்கி வந்து இரவு படம் பார்ப்பேன். மறுநாள் வேலை முடிந்ததும் சென்டரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுவேன். என் ஆங்கிலம் அப்போது தட்டுத் தடுமாறித்தான் ஓடும். மற்ற விமர்சகர்களை இரண்டு பத்திக்கு மேல் படிக்க முடியாது. எபர்ட்டை மட்டும் கடைசி வரை படித்துவிட முடிந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர், டீக்கடையில் நின்று பேசுகிற மாதிரி எழுதுவார். நான் பார்த்த அதே படத்தில் நான் பார்க்காமல் விட்டதை எல்லாம் அவர் பார்த்திருப்பார். டிவிடியைத் திரும்பப் போட்டுப் பார்த்த இரவுகள் நிறைய.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா என்ற ஊரில் 1942ல் பிறந்தவர். 1967ல், 24 வயதில், 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் சினிமா விமர்சகர் ஆனார். 2013ல் இறக்கும் வரை 46 வருடம் அதே பேப்பர். வேலைக்குச் சேர்ந்த அந்த வருடமே 'பானி அண்ட் கிளைட்' படம் வந்தது. 'நியூயார்க் டைம்ஸின்' மூத்த விமர்சகர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத எபர்ட், அமெரிக்க சினிமாவில் அது ஒரு மைல்கல் என்று எழுதினார். காலம் இந்தப் பையன் பக்கம்தான் நின்றது. 1975ல் புலிட்சர் பரிசு. சினிமா விமர்சனத்துக்காக அந்தப் பரிசு வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

அதே 1975ல் டிவியும் வந்தது. போட்டிப் பத்திரிகையான 'சிகாகோ டிரிப்யூனின்' ஜீன் சிஸ்கலும் இவரும் ஒரு தியேட்டர் மாதிரி அமைத்த அரங்கில் உட்கார்ந்து அந்த வாரப் படங்களைப் பற்றிப் பேசுவார்கள். பேசுவார்கள் என்ன, சண்டை போடுவார்கள். பின்னாளில் பேச்சின் கடைசியில் ஆளுக்கொரு கட்டைவிரலும் வந்தது, பிடித்தால் மேலே, இல்லாவிட்டால் கீழே. இரண்டு கட்டைவிரலும் மேலே போனால் அதைத் தயாரிப்பாளர்கள் போஸ்டரில் போட்டுக்கொண்டார்கள். 'டூ தம்ப்ஸ் அப்' என்ற அந்த வாசகத்தை இருவரும் டிரேட்மார்க்காகவே பதிவு செய்துவைத்தார்கள்.

உலகம் எபர்ட்டிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தக் கட்டைவிரலைத்தான், அவர் எழுதிய பத்திகளை எடுத்துக்கொள்ளவில்லை. இதுதான் என் ஆதங்கம். அந்த நிகழ்ச்சியில் கட்டைவிரல் ஒரு வாக்குவாதத்தின் கடைசி வரி. அதற்கு முன்னால் படத்திலிருந்து ஒரு துண்டைப் போட்டுக் காட்டி, இது ஏன் பிடித்தது, அது ஏன் உறுத்தியது என்று இரண்டு பேரும் முட்டிக்கொண்டிருப்பார்கள். வாக்குவாதத்தை விட்டுவிட்டு விரல் மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்து வடபழனி வரை வந்துவிட்டது. இதில் எபர்ட்டுக்கும் பங்கு உண்டு, மறுக்க மாட்டேன். விரலை உயர்த்திக் காட்டியது அவர்தான்.

நமக்கும் இது புதிதில்லை. கல்கி 1930களிலேயே ஆனந்த விகடனில் படங்களைப் பற்றிக் காரசாரமாக எழுதியவர். அதே விகடன் பின்னாளில் மார்க் போட்டது. '16 வயதினிலே' 62.5 மார்க் வாங்கியது என்று இன்றைக்கும் பலர் கேட்ட உடனே சொல்வார்கள். அந்த விமர்சனத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கும் ஒரு வரி ஞாபகமில்லை.

2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டுக்கொண்டது. படம் வந்து மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை, அதுதான் சரி. பார்த்தவன் வாயை மூடுவதால் சினிமா பிழைக்காது. பார்த்ததைப் பேச அவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தால் ஒருவேளை பிழைக்கும்.

அப்படிப் பேசி ஒரு படம் பிழைத்த கதை உண்டு. 'ஹூப் ட்ரீம்ஸ்' என்று 1994ல் ஒரு ஆவணப்படம். சிகாகோவின் இரண்டு ஏழைக் கறுப்பினப் பையன்கள் கூடைப்பந்தை நம்பி வளரும் கதை, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். யார் வெளியிடுவார்கள் என்றே தெரியாதபோது சிஸ்கலும் எபர்ட்டும் தங்கள் நிகழ்ச்சியில் அதைத் தூக்கிப் பிடித்தார்கள், திரும்பத் திரும்பப் பேசினார்கள். படம் தியேட்டருக்கு வந்தது, ஜனங்களும் வந்தார்கள். அதை எடுத்த ஸ்டீவ் ஜேம்ஸ்தான் எபர்ட்டின் கடைசி மாதங்களைப் படம் பிடித்தார்.

எபர்ட் எழுதியதை எல்லாம் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'ப்ளூ வெல்வெட்'டுக்கு அவர் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்தது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஏன் அப்படிக் கொடுத்தார் என்று படித்தபோது வாயடைத்துப்போனேன். அந்த நடிகையை அவ்வளவு துன்புறும் காட்சிகளில் நிறுத்திவிட்டு, அந்தத் துணிச்சலுக்கு ஈடான படத்தை இயக்குநர் கொடுக்கவில்லை என்பது அவர் வாதம். நடித்தவளுக்காக ஒருவர் கோபப்படுகிறார். பத்து செகண்டில் இந்தக் கோபத்தை எப்படிச் சொல்வது?

ஸ்டாருக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. ஒரு படத்தை அதன் இனத்துப் படங்களோடுதான் ஒப்பிட வேண்டும் என்பார். மசாலா நல்ல மசாலாவா என்று பார்க்க வேண்டும், அது ஏன் சத்யஜித் ரே படமாக இல்லை என்று கேட்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நாம் கடைப்பிடித்தாலே இங்கே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இன்னொன்று. கொலராடோ பல்கலைக்கழகத்தில் எபர்ட் முன்னின்று நடத்த, வருடா வருடம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து, பல நாள் பார்ப்பார்கள். யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" என்று குரல் கொடுக்கலாம். படம் நிற்கும், பேச்சு தொடங்கும். பேராசிரியரும் முதலாண்டு மாணவனும் அங்கே ஒன்று. அதைப் படித்துவிட்டு நாங்கள் ஆறு பேர் மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி 'உதிரிப்பூக்கள்' போட்டோம். முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. கடைசி ஆற்றங்கரைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். கீழ் வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர், "அந்தப் புள்ளைங்க மூஞ்சிய இன்னொரு தடவ காட்டுங்க" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

2006ல் புற்றுநோய் அறுவை சிகிச்சைகளில் எபர்ட்டின் கீழ்த்தாடை போனது. பேச்சு போனது, வாயால் சாப்பிடுவதும் போனது. டிவியில் பேசியே பிழைத்த மனிதர். அதற்குப் பிறகுதான் முன்னைவிட அதிகம் எழுதினார். 2012ல் மட்டும் 300 படங்களுக்கு மேல் விமர்சனம் எழுதியிருக்கிறார். அந்த வருடங்களின் எழுத்தில் ஒரு கனிவு கூடியிருக்கும். 2013 ஏப்ரல் 2ஆம் தேதி, உடம்பு முடியவில்லை, இனி பிடித்த படங்களைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன் என்று வாசகர்களுக்கு எழுதினார். 4ஆம் தேதி போய்விட்டார்.

சினிமாவை அவர் ஒரு இயந்திரம் என்பார். நாம் இன்னொருவராகக் கொஞ்ச நேரம் வாழ்ந்து பார்க்க, அவர் நோவை உணர உதவும் இயந்திரம். சரி, மைக்கில் சொல்ல முடியாமல் போன காட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஏடிஎம் காவலாளி. இரவு பத்து மணிக்குக் கல்லூரியில் படிக்கும் மகள் சாப்பாடு கொண்டுவருகிறாள். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவளை உட்காரவைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். ஒருவர் பணம் எடுக்க வருகிறார். அப்பா டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து சல்யூட் வைக்கிறார், பழக்கத்தில். அப்புறம்தான் மகள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உறைக்கிறது. இருவரும் பேசவில்லை. அடுத்தவர் வருகிறார். அப்பா அசையாமல் நிற்கிறார், கையில் சோறு. வந்தவர் கதவு முன்னால் ஒரு நொடி காத்திருக்கிறார். மகள் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுகிறாள். பின்னணி இசை இல்லை. ஏசி ஓடும் சத்தம் மட்டும்.