கை தட்டாதீர்கள் என்றதற்கா இத்தனை பேச்சு?

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் குமண பறவைகள் சரணாலயத்தில், பறவைகளைக் கலைத்தவர்களைப் பார்த்து நான் கத்திய வீடியோவைப் பார்த்துவிட்டு "ஏன் அக்கா இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கும், எதுவும் கேட்காமலே பின்னூட்டத்தில் திட்டித் தீர்த்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அந்த வீடியோவில் நான் கத்துவது மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்ததை வெட்டிவிட்டார்கள்.

பறவைகள் கூடு கட்டும் சதுப்புக் குளமான வில்லுக் கரையில் எங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜீப் வந்து நின்றது. ஸ்பீக்கர் பொக்ஸில் பாட்டு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பிறகு, பறவைகள் மரத்திலேயே இருந்தால் படம் நன்றாக வராது என்று எல்லோருமாகக் கை தட்டி, விசிலடித்து, ஹோர்னை விடாமல் அழுத்தினார்கள். கண்டல் மரங்களில் இருந்த சங்குவளை நாரைகள் ஒரேயடியாக எழும்பின. அவர்களுக்கு வேண்டிய ரீல்ஸ் கிடைத்துவிட்டது.

நான் பைனாகுலரில் ஒரு கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயிலுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு சிறகையும் விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது அந்த நாரை. அது எழும்பியதும் வெள்ளைப் பஞ்சுபோல மூன்று குஞ்சுகள் அலகை ஆவென்று திறந்தபடி வெயிலில் கிடந்தன. அடுத்த கொப்பில் ஒரு காகம். தாய் இல்லாத கூட்டில் வெயிலும் காகமும்தான் யமன். தவறிக் கீழே விழுந்தால் தண்ணீரில் முதலை. இதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

கூடு வைத்திருக்கும் காலத்தில் பறவையை எழுப்பாதீர்கள். நான் சொன்னது இவ்வளவுதான்.

"நாங்களும் டிக்கெட் எடுத்துத்தானே போனோம்?" பார்ப்பதற்குத்தான் டிக்கெட். கலைப்பதற்கு இல்லை.

"ஒரு நிமிசம் பறந்தால் செத்தா போகும்?" உங்கள் ஜீப்புக்கு ஒரு நிமிசம். வைகாசி, ஆனியில் ஞாயிற்றுக்கிழமை, குமணவுக்குள் போகும் உகந்தை வாசலில் நிற்கும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொன்றும் ஒரு நிமிசம் எடுத்தால் அந்தக் குஞ்சுக்கு எப்போது நிழல்?

"பாதயாத்திரைச் சாமிமார் அரோகரா சொல்லிக்கொண்டு அதே காட்டால்தானே போகிறார்கள், அவர்களையும் கேட்பீர்களா?" இதுதான் என்னை மிகவும் நோகடித்தது. என் அம்மா உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டு அந்தக் காட்டு வழியாகக் கதிர்காமம் நடந்தவர். கும்புக்கன் ஆற்றங்கரையில் படுத்து எழும்பியவர். அவர்கள் பாதையோடு போகிறவர்கள். கூட்டுக்குக் கீழே நின்று யாரும் கை தட்டியதில்லை. பாதை நெடுகத் தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீனும் கிடக்கின்றன என்றால், சரி, அது உண்மை. அதையும் பேசுவோம். ஆனால் உங்கள் ஹோர்னை மறைக்க என் அம்மாவின் நேர்த்தியை இழுக்காதீர்கள்.

"எங்கட பெடியனுகளை ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டாய்" என்று ஒருவர். எங்கட என்பதால்தான் அண்ணா கேட்டேன். 1938இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. போரால் 1985இல் மூடியதை 2003இல்தான் திறந்தார்கள். அந்தப் பதினெட்டு வருசமும் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குக் குமண என்றால் அப்பா சொல்லும் கதை மட்டும்தான். மரம் தெரியாமல் கொக்கு இருக்கும், கரண்டிவாயன் சேற்றைத் துழாவும், கூழைக்கடா வரிசையாக நீந்தும் என்று அப்பா சொல்வதைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் படுத்திருப்போம். திறந்த அடுத்த வருடமே, 2004இல், சுனாமி அந்தக் கரையையும் அடித்தது. இத்தனைக்கும் பிறகு மிஞ்சிய இடத்துக்கு என் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். 2010இல் உலகமே முக்கியம் என்று ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்த இடம், பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்குப் பொக்ஸ் போட்டு ஆடும் மைதானமா?

"விளம்பரத்துக்காகக் கத்தினாள்" என்று எழுதிய தங்கைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சோத்துப் பார்சலைப் பிரிக்கக்கூட மனமில்லாமல் திரும்பி வந்த எங்களுக்கு விளம்பரம் எதற்கு? வரும் வழியில் பாணமை ஊரைத் தாண்டும் வரை சின்னவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெடியன்கள் மேல்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. சொன்னதும் இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். அந்த ஜீப்பின் முன்சீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், மடியில் நாலைந்து வயதுப் பேரன். நாரைகள் திரும்பி வந்து இருக்கத் தொடங்கியபோது, "இன்னொருக்கா தட்டுங்க மகன், பறக்கும்" என்று அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்துத் தட்டவைத்தவர் அவர். நான் கத்தியது அவரைப் பார்த்துத்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்க மாட்டேன்.