பீர்தானே மச்சான்!

செக் நாட்டுத் தலைநகர் பிராக் வந்த புதிதில் ஒரு பழைய பீர்க்கடையில் நுரைக்காகச் சண்டைக்குப் போயிருக்கிறேன். அரை லிட்டர் கேட்டால் மேலே மூணு விரல் உயரத்துக்கு நுரை. 'ஏமாத்துறான்' என்றுதான் தோன்றியது. ஊற்றிக்கொடுத்த பெரியவர் பேசவே இல்லை. கிளாஸில் இருந்த கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். பீர் கோடு வரைக்கும் இருந்தது, நுரை அதற்கு மேலே. நுரைதான் மூடி, அது இல்லாவிட்டால் பீர் சீக்கிரம் செத்துப்போகும் என்று பக்கத்து மேஜைக்காரர் பாடம் எடுத்தார். முக்கால்வாசி நுரையாகவே ஊற்றிக் குடிக்கிற ரகமும் இங்கே உண்டு. பேர் 'ம்லீகோ', அதாவது பால்!

பீர் விஷயத்தில் செக் நாட்டுக்காரர்களுக்கு ரோஷம் அதிகம். 1838இல் பில்சன் ஊர்க்காரர்கள் சரக்கு மட்டம் என்று 36 பீப்பாய் பீரை நகரசபை வாசலிலேயே கொட்டிவிட்டார்கள். அப்புறம் சொந்தமாக ஆலை கட்டி, ஜெர்மன் பக்கத்துப் பவேரியாவிலிருந்து யோசப் க்ரோல் என்ற பீர் காய்ச்சுபவரைக் கூட்டிவந்தார்கள். 1842இல் அவர் காய்ச்சியதுதான் பொன்னிற பில்ஸ்னர். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற மஞ்சள் லாகர் பீர்களில் பெரும்பாலானவை அதன் பிள்ளை குட்டிகள்தான்.

இந்த ரோஷத்துக்கு நான் ரசிகன். ஆனால் ஒன்றை மட்டும் ஏற்கமாட்டேன். பீரை இங்கே பலர் குடியிலேயே சேர்ப்பதில்லை. 'திரவ ரொட்டி'யாம். தலைக்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கும் மேல் உள்ளே போகிறது, சில கடைகளில் தண்ணீர் பாட்டிலைவிட பீர் மலிவு, கேட்டால் ரொட்டி! 'பன்னிரண்டு' என்று கேட்டு வாங்குகிற பீரில் சுமார் 5 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது (அந்தப் பன்னிரண்டு, காய்ச்சும்போது இருந்த மால்ட், அதாவது முளைகட்டிய தானியச் சர்க்கரையின் கணக்கு). நம்மூரில் "பீர்தானே மச்சான்" என்று ஆரம்பித்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று பார்த்தவன் நான்.

போன வியாழக்கிழமை ஆபீஸ் நண்பரோடு போயிருந்தேன். மேஜையில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு, ஒவ்வொரு கிளாஸுக்கும் பேனாவால் ஒரு கோடு. கிளாஸ் காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும். இரண்டாவது முடிந்ததும் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் வைத்தேன், போதும் என்று அர்த்தம். நண்பர் சீட்டில் ஏழு கோடு.

"இவ்வளவா?" என்றேன்.

"இதெல்லாம் குடியா, பீர்தானே!"

"அப்ப காலையில வழக்கம்போல கார்ல என்னையும் கூட்டிட்டுப் போறீங்கதானே?"

இங்கே வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மனுஷன் சீட்டை ஒருதரம் பார்த்தார்.

"நாளைக்கு டிராம்ல போயிடலாம்."