பிள்ளையைப் பார்த்து ‘சராசரி’ என்று சொல்லாதேங்கோ

“உங்கட மகள் ஒரு சராசரிப் பிள்ளை, அம்மா.”

இதைச் சொல்லவா என்னை லீவு போட்டுவிட்டு வரச் சொன்னார்கள்? செத்த வீட்டில் கதைப்பது மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார் ரீச்சர். தேர்ச்சி அறிக்கையில் மொத்தம், சராசரி, நிலை என்று மூன்று கட்டம். நடுக் கட்டத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பேனை முனையால் தட்டித் தட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற அம்மாமார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

மகளுக்குக் கணிதம் 96, வரலாறு 38. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 67. அந்த 67 எடுத்த பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை. கணக்கில் கெட்டிக்காரியாகவும் வரலாற்றில் திணறுகிறவளாகவும் ஒருத்திதான் இருக்கிறாள். வரலாற்றில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வட்டம் போட்டதோடு சரி.

பிறகு எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவிப்பு: “அடுத்த தவணை வகுப்பில எல்லாரும் சராசரிக்கு மேல வரவேணும்.” அத்தனை பெற்றோரும் தலையாட்டுகிறார்கள்! எப்படி வரும்? எல்லாரும் கூட எடுத்தால் சராசரியும் சேர்ந்து ஏறும். யாராவது கீழே நின்றால்தான் யாராவது மேலே நிற்கலாம். ஐந்து பேர் 90, 88, 86, 84, 2 எடுத்தால் சராசரி 70. நாலு பேர் மேலே, ஒருவர் அடியில், 70க்குக் கிட்ட ஒருவருமே இல்லை. இடை (இந்தச் சராசரிதான்), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது), ஆகாரம் (கூடத் தடவை வருவது) மூன்றும் வேறு வேறு என்று பிள்ளைகளின் கணிதப் புத்தகத்திலேயே இருக்கிறது. படிப்பிக்கிறவர்கள் மட்டும் அதை மறக்கலாமா?

உயர்தரப் பரீட்சையில் இசட் புள்ளி என்று ஒன்று, சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று காட்டுவது. ஒரு பாடத்தின் சராசரியை எடுத்தவருக்கு அது பூச்சியம். சராசரியில் நிற்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் ‘பூச்சியம்’ என்று காதில் விழுந்தாலே எங்கட சனத்துக்குப் பிள்ளை பெயில்.

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. வருடத்து மழையை 12ஆல் பிரித்து, மாதச் சராசரி பரவாயில்லை என்று ஆவணியில் கிணற்றை எட்டிப் பார்க்காமல் இருப்போமா? பிள்ளையை மட்டும் ஏன் அப்படி அளக்கிறீர்கள்?

இன்னொன்று. எங்கள் சைக்கிள்களை எல்லாம் கொதிக்கிற வெயிலில் விடச் சொல்லிவிட்டு, மாமர நிழலில் ஒரேயொரு கார் நின்றதே, அது யாருடையது?