விகிதம் குறைந்தது எப்படி?
தலைமை நிர்வாகிக்கும் தொழிலாளிக்குமான சம்பள விகிதம் குறைந்ததை நல்ல அறிகுறி என்கிறது ஒரு கட்டுரை. அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் 2010 டாட்-ஃபிராங்க் சட்டப்படி வெளியிடப்படும் இந்த விகிதத்தில், வெளி ஒப்பந்ததாரர் ஊதியம் நிர்ணயிக்கும் ஆட்கள் கணக்கில் வருவதில்லை. சம்பளம் குறைந்த துப்புரவு, கால்சென்டர் வேலைகளை ஒப்பந்ததாரரிடம் தள்ளினால் மிஞ்சியவர்களின் இடைநிலை ஊதியம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) தானாக ஏறும்; விகிதம் குறையும். யாருக்கும் ஒரு டாலர்கூட கூடியிருக்காது. தலைமை நிர்வாகியின் போனஸ் இன்னும் வேடிக்கை: ஆட்குறைப்புச் செலவை ‘மறுசீரமைப்பு’ என்று ஒதுக்கிவிட்டு, மிச்சப்பட்ட சம்பளத்தை மட்டும் போனஸுக்கான லாபத்தில் காட்டும் நிறுவனங்கள் உண்டு.

தொழிற்சங்கம் இருந்தால்? உறுப்பினர் செய்த அதே வேலையை ஒப்பந்ததாரருக்கு மாற்றுமுன் நிர்வாகம் சங்கத்தோடு பேசியாக வேண்டும் என்கிறது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964 ஃபைபர்போர்டு தீர்ப்பு. பேசினால் போதும், இணங்க வேண்டியதில்லை. ஆகவே வேலையை வெளியே கொடுப்பதற்கான தடையை, நிறுவனத்தோடு சங்கம் போடும் கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நிர்வாகம் தானே முடிவெடுக்கக்கூடியவற்றைச் சொல்லும் ‘நிர்வாக உரிமைகள்’ பிரிவில் அதைக் கோட்டைவிட்ட சங்கங்களும் இருக்கின்றன.